சேவலுக்கு யாரும் வரவில்லை

வந்திருந்தவர்கள்: சங்கத் தலைவர் வெள்ளையன், செயலாளர் ராஜாமணி, கணினி உதவியாளர் கோவிந்தராஜ் ஆகிய நான். வராதவர்: தெய்வானை அக்கா.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டக் குறிப்பின் முதல் வரிகள் இவை. எழுதியது நான்தான். ‘வராதவர்’ என்று எழுதிய கை ஒரு நிமிடம் நின்று, அவர் வரும்வரை காத்திருந்தால் என்ன என்று யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் அந்த நாட்களில் நான் யோசிக்கிற ஆளில்லை. நான் பட்டதாரி.

(எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அதற்கு அரசாங்கச் சான்றிதழே இருக்கிறது. அப்பா அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் சுவர் ஊறும் என்பதால் வருடத்தில் ஆறு மாதம் அது சுவரில், ஆறு மாதம் பெட்டியில்.)

அம்மா கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவர். அப்பா அதே எஸ்டேட்டில் ஏணி போட்டு ஏறி மிளகு பறிக்கிறவர். நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப் போனேன். மஞ்சக்குட்டையில் மலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம் அது. உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர். ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர். அதைப் பயன்படுத்துகிறவர்கள் நாங்கள் நான்கு பேர்.

அந்த வருடம் சங்கத்துக்கு ஒரே ஒரு ஆசை. காபிப் பழம் உலர்த்தும் இயந்திரம். பழம் பறித்துக் களத்தில் காயப் போட்டால், எங்கள் மலையில் மேகத்துக்கு மூக்கில் வியர்த்துவிடும். இரண்டு நாள் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு வியாபாரி கொடுக்கிற விலைதான் விலை. அந்த இயந்திரத்தை மானியத்தில் கொடுக்கிறோம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: உறுப்பினர்கள் அத்தனை பேரின் நிலப் பத்திரங்களையும் தனித்தனியாக இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி.

எங்கள் அலுவலக உதவியாளர் தெய்வானை அக்கா இரண்டு மாதமாகப் பத்திரங்களை வாங்கி வாங்கி ஸ்கேன் செய்து முடித்துவிட்டார். ஏற்றுவதுதான் பாக்கி. “பத்து நிமிஷ வேலைங்க” என்று நான் மஞ்சக்குட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். திங்கட்கிழமை போருக்குப் போகுமுன் ஆயுதங்களை அடுக்கி வைத்தால் நன்றாக இருக்குமே என்று சனிக்கிழமை காலையில் எனக்குத் தோன்றியது. சனி அங்கேதான் பிடித்தது.

ஆயுதம் என்று சொன்னது எங்கள் கம்ப்யூட்டரின் தேடுபட்டையை. திரையின் தலைமாட்டில் நீளமாக ஒரு பட்டை இருக்கும். நடுவில் ஒரு கட்டம். அதில் பெயரை அடித்தால் கம்ப்யூட்டருக்குள் எங்கே எந்தக் கோப்பு இருந்தாலும் தேடிக் கொண்டுவரும். வேண்டிய கோப்புகளுக்கெல்லாம் ஒரே சீட்டை ஒட்டி, அந்தச் சீட்டுக்கு ஒரு பட்டன் செய்து பட்டையில் பதித்துவிட்டால், அடுத்த முறை தேடவே வேண்டாம். அமுக்கினால் எல்லாம் வந்து நிற்கும். நான்தான் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கினேன். நான்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். (இதை அப்போது தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை.)

ஆறு மாதத்தில் பட்டை நிரம்பிவிட்டது. ராஜாமணி ஐயா எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒன்பது பட்டன்கள். பெயர்கள்: முக்கியம், மிக முக்கியம், மிகமிக முக்கியம், இதுதான் முக்கியம், இப்படியே போகும். தலைவர் வெள்ளையனுக்கு மூன்று: சேலத்து மிளகு விலை, மழை, மாப்பிள்ளை போட்டோ. எனக்குப் பன்னிரண்டு, எல்லாம் ஆங்கிலத்தில். இவை போக, வெறும் படம் மட்டும் உள்ள பட்டன்கள் ஏழு. சேவல், குடை, மீன், நிலா, இப்படி. பெயரே கிடையாது. நான் வருவதற்கு முன்பே அக்கா காலையில் வந்துவிடுவார். என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை. எட்டாவது வரை படித்தவர், ஸ்கேன் செய்வார், டீ வைப்பார், இதற்கு மேல் பட்டன் எதற்கு என்று நினைத்திருந்தேன். படங்கள் இறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்தவை என்பது என் ஆராய்ச்சி முடிவு.

கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. அகர வரிசைப்படி அடுக்கலாம் என்றேன்.

“அதெப்படிங்க?” என்றார் ராஜாமணி ஐயா. “முக்கியம்னா மொதல்ல இருக்கோணும். மூனாவுக்குப் போனா அது என்ன முக்கியம்?”

“அப்ப ஆளாளுக்குப் பங்கு பிரிச்சிரலாம்” என்றார் தலைவர்.

பங்கு என்ற சொல் விழுந்ததும் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை அது தேடுபட்டை. அதன்பிறகு அது நிலம். பட்டன்களுக்கு நடுவே கோடு போடும் வசதி இருந்தது. அதைக் காட்டினேன். தலைவர் அதை வரப்பு என்று உடனே புரிந்துகொண்டார். இடது ஓரம் யாருக்கு என்று முக்கால் மணி நேரம் போனது.

“ஏனுங்க தலைவரே, உங்களுக்கு மூணு பட்டன். எதுக்குங்க அவ்வளவு எடம்?”

“நாளைக்கு எனக்குப் பேரன் பொறந்தா போட்டோவ எங்கீங்க வெக்கறது? உங்க தலையிலயா?”

“வெச்சுக்குங்க. அதுவும் காலியாத்தான் இருக்குது” என்று சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

கடைசியில் இடது ஓரம் தலைவருக்கு, நடு ரைட்டருக்கு, வலது எனக்கு என்று முடிவானது. தீர்மானம் எழுதினேன். அந்த ஏழு படங்கள் மட்டும் நடுவில் அநாதையாக நின்றன.

“இது யாருதுங்க?” என்றார் ராஜாமணி ஐயா.

“யாருதும் இல்லைங்க. சும்மா வந்ததுங்க” என்றேன்.

“அதுக்குன்னு அப்படியே அழிச்சிரக் கூடாது” என்றார் தலைவர். நியாயஸ்தர். “எங்க பங்காளிங்க நெலம் அளக்கறப்ப, கேப்பாரு இல்லாத எடத்துக்கு மூணு வாட்டி சத்தம் போட்டுக் கேப்பம். யாரும் வரலீன்னாத்தான் பொதுவுல சேக்கறது.”

எனக்கு மெய்சிலிர்த்தது. என்ன ஒரு ஜனநாயகம்! எழுந்து நின்று, பத்தடிக்குப் பத்தடி அறையில், இரண்டு பேரைப் பார்த்து, தொண்டை கிழியக் கூவினேன்: “சேவலுக்கு யாராச்சும் இருக்கீங்களா?” மூன்று முறை. பிறகு குடைக்கு மூன்று. மீனுக்கு மூன்று. ஏழு படங்களுக்கும் சேர்த்து இருபத்தொரு முறை. வெளியே பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, “கோழி எதும் காணமுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

யாரும் வரவில்லை. வரவேண்டியவர் அரூரில் தன் அக்கா மகளின் சடங்குச் சீருக்குப் போயிருந்தார்.

ஏழையும் தேர்ந்தெடுத்து அழி என்று கொடுத்தேன். ஒரு பெட்டி எழுந்து ஆங்கிலத்தில் கேட்டது. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மொழிபெயர்த்தேன்: “பட்டனோட அதுல ஒட்டியிருக்கிற சீட்டெல்லாம் போயிருமாம். திரும்ப எடுக்க முடியாதாம்.”

“குப்பைய எதுக்குங்க திரும்ப எடுக்கறது?” என்றார் ராஜாமணி ஐயா.

ஆம் என்று அழுத்தினேன். பெட்டி நிச்சயமா என்று இன்னொரு முறை கேட்டது. ஒரு கம்ப்யூட்டரே என்னிடம் இரண்டு முறை அனுமதி கேட்கிறதே என்று பெருமையாக இருந்தது. இரண்டாவது ஆம், முதல் ஆமைவிடக் கம்பீரமாக விழுந்தது. பட்டை துடைத்துவிட்ட சிலேட்டுபோலப் பளிச்சென்று ஆனது. மூவரும் டீ குடித்தோம்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தேன். கட்டத்தில் ‘ராமன்’ என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. ஸ்கேன் செய்ததெல்லாம் படங்கள். அவற்றுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்கள். பழைய ரசீதுகளோடு கலந்து எழுநூற்றுச் சொச்சம் படங்கள். ஒரே ஆளின் ஒரு பக்கம் நூற்றுப் பன்னிரண்டில், மறுபக்கம் ஐந்நூற்று எட்டில். பதினொரு மணிக்கு அக்கா பஸ்ஸிலிருந்து கூப்பிட்டார். அடிவாரம் தாண்டிவிட்டாராம்.

“ஏங்கண்ணு, அனுப்பிட்டியா?”

“பத்திரமெல்லாம் எங்கீங்க்கா வெச்சிருக்கீங்க?”

“பட்டையிலதான் சாமி. அந்தச் சேவல அமுத்து. நாப்பத்தி மூணு பேரும் வரிசையா வந்து நிப்பாங்க.”



“எந்தச் சேவலுங்க்கா?” என்றேன், பலவற்றில் ஒன்றைக் கேட்பவன்போல.

“அடக் கண்ணு, பட்டையில எத்தன சேவல் இருக்குது? காத்தால வந்ததும் மொத வேலை அதுதான்னு சேவலப் போட்டு வெச்சேன். அமுத்து, அமுத்து.”

அதற்குள் பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. லைன் அறுந்தது. எங்கள் மலைப்பாதையில் அப்படி இருபது வளைவுகள். சேவலைக் காணோம் என்பதை மூன்றாவது வளைவில் சொன்னேன். யார் எடுத்தது என்பதை ஏழாவதில் சொன்னேன். மூன்று முறை சத்தம் போட்டுக் கேட்டதைப் பன்னிரண்டாவதில் சொன்னேன். அதன்பிறகு சிக்னல் நன்றாகவே இருந்தது. அக்காதான் போனை வைத்துவிட்டார்.

இதில் ஒன்றை நான் விளக்க வேண்டும். எங்கள் உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேரில் பதினொரு பேர் ராமன். ஒன்பது பேர் சடையன். அப்பா பெயரும் அநேகமாக ராமன் அல்லது சடையன். சர்வே எண் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எந்த எண் எந்த ராமனுடையது என்பதைத்தான் அக்கா இரண்டு மாதமாக ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விசாரித்து, ஊர் அவர்களைக் கூப்பிடும் விதமாகவே சீட்டு ஒட்டியிருந்தார்: பலாமரத்தூட்டு ராமன், செவுட்டு ராமன், கோவிச்சுக்கற ராமன். நான் அடித்த அந்த இரண்டாவது ஆமில் பதினொரு பேரும் மறுபடி வெறும் ராமன்களானார்கள்.

அக்கா வந்தார். சீருக்குக் கட்டிய பட்டுப்புடவை, கையில் பலகாரப் பை. திட்டுவார் என்று எழுந்து நின்றேன். அவர் திரையைப் பார்த்தார். வரப்புப் போட்ட பட்டையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“நொம்பச் சுத்தமா இருக்குது கண்ணு” என்றார்.

இன்றுவரை என்னை யாரும் அதைவிட மோசமாகத் திட்டியதில்லை.

உட்கார்ந்து ஒன்றாவது படத்திலிருந்து திறக்க ஆரம்பித்தார். ஞாபகத்திலிருந்தே பாதி சொன்னார். மீதிக்கு ஆளையே கூப்பிட்டு வரச் சொன்னோம். ஒரு மணிக்கு அறைக்குள் எட்டு ராமன்கள் நின்றார்கள்.

“அது என்னுதுங்க. மூலையில எலி கடிச்சிருக்குது பாருங்க.”

“உன்னுத எலி கடிச்சா என்னுத என்ன, புலியா கடிச்சுது? அது எங்கூட்டு எலி!”

“சாமி, கொஞ்சம் தள்ளுங்க. மஞ்சக் கறை இருந்தா என்னுது” என்றார் ஒருவர். ஸ்கேன் கறுப்பு வெள்ளை. எல்லாக் கறையும் ஒரே கறையாகத்தான் இருந்தது.

“ஏம்ப்பா, படிச்ச பையன்தான அழிச்சது? படிச்சதுலயே திரும்ப எடுக்க வழி இருக்குமே” என்றார் கோவிச்சுக்கற ராமன். அவர் கோபித்துக்கொள்ளாமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். திரும்ப எடுக்க முடியாது என்று பெட்டி சொன்னதை நான்தான் எல்லோருக்கும் மொழிபெயர்த்திருந்தேனே.

மூன்றரைக்குப் பதினெட்டு பேர். நாலரைக்கு இருபத்தைந்து. ராஜாமணி ஐயா சுவர்க் கடிகாரத்தை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உரக்கப் படித்தார். அவரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தெம்பில்லை. ஐந்து மணிக்கு இருபத்தொன்பது பேர் முடிந்திருந்தார்கள். இணையதளம் நாற்பத்து மூன்று கேட்டது. பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டு, ஆர்வம் காட்டியதற்கு நன்றி என்றது. நான் அதை மொழிபெயர்க்கவில்லை. பார்த்ததுமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ராமன்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அக்கா பையைத் திறந்து ஆளுக்கொரு அதிரசம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். 

அந்தப் பருவத்தில், பறிப்பு உச்சத்தில் இருந்தபோது, ஒன்பது நாள் விடாமல் மழை. களத்தில் கிடந்த பழத்தை அள்ளிக்கொண்டு ஓடினோம்.

இப்போது வீட்டில் நான் எதையாவது அடுக்கி வைக்கலாம் என்று எழுந்தால் போதும், எஸ்டேட்டிலிருந்து அப்போதுதான் வந்து கால் நீட்டியிருக்கும் அம்மாகூடப் பதறி எழுந்துவிடுவார். “வேண்டாஞ்சாமி, நீ படிச்சவன், உக்காரு.” என்னைப் பார்க்க வந்த பெண் வீட்டாரிடம் அப்பா இந்தக் கதையை இரண்டு தடவை சொன்னார், சம்பளத்தைச் சொல்வதற்கு முன்பே. தெய்வானை அக்கா இப்போது பட்டையைத் தன் பெயரில் பூட்டி வைத்திருக்கிறார். எனக்கு அதில் ஒரு பட்டன் கொடுத்திருக்கிறார். என்ன படம் என்று சொல்ல மாட்டேன்.

ஆண்டுக் கூட்டத்தில் ராஜாமணி ஐயா கணக்கை எழுந்து நின்று படித்தார். நனைந்த பழத்தை ஜீப் வைத்து ஏற்றிப் போய், ஒரு பெரிய எஸ்டேட்டின் இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்து உலர்த்திய செலவு அது. அதற்கு அவர் வைத்த தலைப்பு ‘தேடுபட்டை ஒழுங்குபடுத்திய வகையில்’. தொகை, ரூபாய் முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது.