பொன்னுச்சாமி அனுப்பாத மெசேஜ்

பாளையம்பட்டி,
ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து வந்து.

கர்த்தருக்குள் அன்பான மருமகன் கிறிஸ்டோ அவர்களுக்கு,

மாமா ஏசுவடியான் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உங்கள் அத்தையும் இங்கே சுகம். என் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் மட்டும் இன்னும் முழுசாக இறங்கவில்லை. பெங்களூரில் நீங்களும் ஜெபாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் என்று ஜெபா சொன்னாள். இங்கே மழை பேருக்கு நாலு தூறல் போட்டுவிட்டு மதுரைப் பக்கம் போய்விட்டது.

போன் இருக்கும்போது மாமா எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பீர்கள். போன் அத்தையின் பீரோவுக்குள் இருக்கிறது, சாவி அவள் முந்தானையில் இருக்கிறது. அது ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், இதை ஜெபாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவளிடம் சொன்னால் அத்தையிடம் சொன்ன மாதிரி. அத்தையிடம் சொன்னால் சர்ச்சில் அறிவிப்பு வாசித்த மாதிரி.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல், இங்கே தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். பி.எச்.பி. வகுப்பில் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். நான் ஒருவன்தான் பேரன் எடுக்கிற வயசு. அங்கே லூப்புக்குள் லூப்பு போடுவது வரைக்கும் வந்துவிட்டேன். வந்த இடத்தில் நின்றிருக்கலாம். திருச்சுழியில் எங்களோடு பத்தாவது படித்த சுகந்தி, அவள்தான் எங்கள் வகுப்புக்கு லீடர், பிறகு தலைமை ஆசிரியையாகி ரிட்டயர் ஆனவள், பழைய பிள்ளைகளையெல்லாம் அருப்புக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் கூட்டிச் சாப்பாடு போடுவது என்று கிளம்பினாள். "ஏசுவடியான், போன தடவ மாதிரி அவுகவுக தெரிஞ்ச ஆளோடயே உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிரக் கூடாது. நீ கம்ப்யூட்டர் படிக்கிறியாமே, அதுல ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

நீங்கள் அந்தத் தொழிலிலேயே இருக்கிறவர், உங்களுக்கு நான் லூப்பு விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புது வருஷ ஆராதனை முடிந்ததும் நம் சர்ச்சில் கை கொடுப்போமே, அதேதான். வெளி லூப்பு ஒருவரை எழுப்பி நிறுத்தும். உள் லூப்பு அவரை வரிசை முழுக்க நடத்திக்கொண்டுபோய் ஒவ்வொருவருக்கும் கை கொடுக்கவைக்கும். அவர் உட்கார்ந்ததும் அடுத்தவர் எழுந்திருப்பார், மறுபடியும் முதல் ஆளிலிருந்து. இப்படிக் கிடைக்கிற ஜோடிகளை அர்ரே என்கிற அடுக்கில், பெட்டிக்குள் பெட்டியாகப் போட்டுவைக்க வேண்டும். பிறகு இன்னொரு லூப்பை ஓட்டி அந்த அடுக்கிலிருந்து ஆளுக்கு ஒரே ஒரு பேரை எடுத்து, பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் பேசிக்கொள்ளாத இரண்டு பேரைப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். இதுதான் என் திட்டம்.

மாப்பிள்ளை, நாற்பது பேரையும் சார் ஆஜர் கூப்பிடுகிற அதே வரிசையில் அடித்தேன். சங்கையா என்று அடித்தபோது கை தானாக நின்றுவிட்டது. வகுப்பில் தூங்கிக்கொண்டே "உள்ளேன் ஐயா" சொல்லக்கூடியவன் அவன். ஒரு தடவை ஆஜர் முடிந்து, பாடம் முடிந்து, இன்ஸ்பெக்டர் வந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னபோது எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றான். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது ஜோடிகள் எல்லாம் திரையில் மளமளவென்று இறங்கின. சங்கையா, ஆவுடைத்தாய். ஆவுடைத்தாய், சங்கையா. எங்கள் காலத்தில் பையன்கள் ஜன்னல் பக்கம், பொம்பளைப் பிள்ளைகள் சுவர் பக்கம். பத்து வருஷம் ஒரே அறையில் இருந்துவிட்டு "இந்தா அழிரப்பர்" என்றுகூட ஒருத்தருக்கொருத்தர் சொன்னதில்லை. லூப்புக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு எல்லோரையும் எல்லோருக்கும் கை கொடுக்கவைத்துக்கொண்டே போனது. அன்று சாயங்காலம் வரைக்கும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. ஜோடி ஜோடியாக வாசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரப் பாத்துச் சிரிக்கிற அளவுக்கு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு ஜோடியைப் பார்த்தபோது மட்டும் சிரிப்பு வரவில்லை. ராஜபாண்டி, பொன்னுச்சாமி. நரிக்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் வருவார்கள். ஒருத்தன் மிதிப்பான், ஒருத்தன் பின்னால் உட்கார்ந்து பாடம் ஒப்பிப்பான். மிதிக்கிறவன் தப்பைத் திருத்துவான். ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் அன்று இரண்டு பேருக்கும் லீவு. பின்னால் ராஜபாண்டி ஊரிலேயே வயலும் ஆடுமாக நின்றுவிட்டான், பொன்னுச்சாமி பாளையம்பட்டிக்கு வந்து ஹார்டுவேர் கடை போட்டான். அப்போதும் வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தன் பஸ் ஏறிவிடுவான். அப்படி இருந்தவர்கள் ராஜபாண்டியின் அப்பா செத்த துட்டியில் பிரிந்துபோனார்கள். பொன்னுச்சாமிக்குச் சொல்லிவிடுவதற்காக அனுப்பிய ஆள், போகிற வழியில் வேறு சோலியில் மாட்டிக்கொண்டு சொல்லாமல் விட்டுவிட்டான். பொன்னுச்சாமி வரவில்லை. "என் அய்யா செத்ததுக்கு வராதவன் எனக்கு எதுக்கு?" என்று இவன். "எனக்கே சொல்லிவிடாதவன் எனக்கு எதுக்கு?" என்று அவன். சொல்லப் போன ஆள் இப்போது உயிரோடு இல்லை. இவர்கள் இரண்டு பேரும் அந்தத் துட்டியிலேயே நின்றுவிட்டார்கள்.

ஆகவே நான் புத்திசாலித்தனமாக ஒரு வரி எழுதினேன். ராஜபாண்டி எழுந்து கை கொடுக்கப் போகும்போது பொன்னுச்சாமி வந்தால் அவனைத் தாண்டிப் போ என்று. எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். பொன்னுச்சாமி எழுந்து போகும்போது ராஜபாண்டி வந்தால் என்ன செய்வது என்று எழுத மறந்துவிட்டேன்.

இன்னொரு தப்பும் நடந்தது. உட்காரப்போகிற ஜோடியின் பேரைப் போனுக்கு மெசேஜாக அனுப்ப ஏற்பாடு செய்திருந்தேன். வாசகத்தைப் பார்த்த சுகந்தி, "என்ன இது, கரண்டு பில்லு வந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் பாசமா எழுது" என்றாள். அதனால், 'இன்னார் உங்களோடு உட்கார்ந்து பேச ஆசைப்படுகிறார்' என்று எழுதினேன். ஆளுக்கு ஒன்று போக வேண்டும். ஆனால் அனுப்புகிற அந்த வரி, அடைப்புக்குறிக்கு வெளியே இருக்க வேண்டியது, உள் லூப்புக்குள்ளேயே இருந்துவிட்டது. கை கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு மெசேஜ். நான் பட்டனைத் தட்டிவிட்டுக் காபி குடிக்க எழுந்தேன்.

முதலில் சுகந்தி கூப்பிட்டாள். "ஏசுவடியான், என்னய்யா பண்ணி வச்சிருக்கே? என் போனு மூச்சு விடாமக் கத்துது. ஊரே என்கூட உக்காந்து பேசணும்ங்குது!" வைத்தவுடனே சங்கையா கூப்பிட்டான். அவன் சம்சாரம் மெசேஜைப் பார்த்துவிட்டதாம். "ஏலே அடியான், யாருடா இந்த ஆவுடைத்தாயின்னு கேக்குறா. கூடப் படிச்ச பிள்ளைங்கிறேன். அப்பப் பேசாதவளுக்கு இப்ப என்ன பேச்சுங்கிறா. நீயே வந்து சொல்லுடா" என்றான். நான் பதில் சொல்வதற்குள் என் போனும் கத்த ஆரம்பித்தது. என் பேரும் அந்த நாற்பதில் ஒன்றுதானே! அத்தைதான் எடுத்து வாசித்தாள். ஆவுடைத்தாய் ஆசைப்படுகிறார், சுகந்தி ஆசைப்படுகிறார் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் நிறுத்தினாள். 'ஏசுவடியான் உங்களோடு உட்கார்ந்து பேச ஆசைப்படுகிறார்.' ஆள் தனக்குத்தானே கை கொடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் எழுதவில்லை. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது நல்ல ரோசன. நீங்க உங்களோடயே உக்காந்து பேசுங்க. அப்பயாச்சும் புத்தி வருதான்னு பாப்போம்" என்று சொல்லிப் போனை பீரோவில் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து யாராவது கூப்பிட்டால் அவளே எடுத்து, அவசரமாக இருந்தால் மட்டும் என் காதில் வைப்பாள்.

அப்படி வைத்த ஒரு அழைப்பு ராஜபாண்டியுடையது. "ஏலே அடியான், கூட்டத்துக்குப் பொன்னுச்சாமி வாரானா?" என்று கேட்டான். லூப்பு ஒரு பக்கம் மட்டும் தாண்டியிருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் புத்தியில் உறைத்தது. பொன்னுச்சாமி தன்னைக் கூப்பிட்டதாக இவனுக்கு மெசேஜ் போயிருக்கிறது. பொன்னுச்சாமிக்கு இவன் பேரில் ஒன்றும் போகவில்லை. "வாரான்" என்று மட்டும் சொன்னேன். "சரி, நானும் வாரேன்" என்று வைத்துவிட்டான். போய் நிற்கிறவனைப் பொன்னுச்சாமி எல்லார் முன்னாலும் "நான் எங்கடா கூப்பிட்டேன்?" என்று கேட்டுவிட்டால், அதன் பிறகு அவர்கள் இந்த ஜென்மத்தில் சேர மாட்டார்கள். அதற்குக் காரணம் நான் விட்ட ஒரு வரி. பொன்னுச்சாமியிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கடை வாசல் வரைக்கும் போனேன். இரண்டு தடவையும் ஆணி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மண்டபத்தில் பொன்னுச்சாமி கடைசி வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். ராஜபாண்டி வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு, கையில் சேவும் சீரணியும் வாங்கின பையோடு வந்தான். யாரிடமும் நிற்காமல் நேராக அவன் முன்னால் போய் நின்றான். நான் இவன் பின்னாலேயே ஓடினேன்.

"கூப்பிட்டியாமே. வந்துட்டேன்" என்றான் ராஜபாண்டி.

பொன்னுச்சாமி டம்ளரைக் கீழே வைக்காமலே, "யாரு, நானா?" என்றான்.

ராஜபாண்டி போனை நீட்டினான். பொன்னுச்சாமிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. "அடியான், என்னடா போட்டிருக்கு, படி" என்று அதை என் கையில் கொடுத்தான். மாப்பிள்ளை, நான் எழுதின வாசகத்தை நானே வாசித்தேன். 'பொன்னுச்சாமி உங்களோடு உட்கார்ந்து பேச ஆசைப்படுகிறார்.' வாசித்துவிட்டு, "இது வந்து, உள் லூப்புல என்னாச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன். என் கால் பெருவிரல்மேல் ஒரு செருப்பு ஏறி அழுத்தியது. பொன்னுச்சாமியின் செருப்பு.

"ஆமா" என்றான் அவன். "நாந்தான் அனுப்பச் சொன்னேன். உக்காரு."

ராஜபாண்டி உட்கார்ந்தான். பையை மேசைமேல் வைத்தான். பரிமாறுகிற ஆள் பாயசம் கொண்டுவந்து, இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனான். அப்புறம் ராஜபாண்டி தலையைத் தூக்காமலே, ஏதோ இன்று காலையில் நடந்த மாதிரி சொன்னான்: "ஏலே, அய்யா போயிட்டாருடா."

பொன்னுச்சாமி எழுந்தான். துட்டி வீட்டில் எப்படி நிற்போமோ அப்படித் துண்டை இடுப்பில் இறக்கிக்கொண்டு நின்றான். இரண்டு கையையும் நீட்டி ராஜபாண்டியின் கைகளைத் தொட்டான். "எப்ப?" என்று கேட்டான். "வெள்ளிக்கிழம காலம்பற" என்றான் ராஜபாண்டி. "கஷ்டப்பட்டாரா?" "இல்ல. உன்னயத்தான் கேட்டாரு. பொன்னுச்சாமி வந்துட்டானான்னு." அதோடு பொன்னுச்சாமி உடைந்துவிட்டான். மைக்கில் யாரோ பழைய பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இரண்டு பேர் துட்டி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பெருவிரல் வலியில் அழுவதுபோல அழுதேன்.

பிற்பாடு கை கழுவுகிற இடத்தில் பொன்னுச்சாமி என்னைப் பிடித்துக்கொண்டான். "உன் வேலதானலே?" "ஆமாடா, ஒரு பக்கந்தான் தாண்டச் சொன்னேன், மறுபக்கம்..." "வாய மூடு. அவன்கிட்ட மட்டும் சொன்னேன்னு வையி, ஒன்னய உண்டு இல்லன்னு ஆக்கிருவேன். நான் கூப்பிட்டுத்தான் வந்தான். அவ்ளோதான்." இரண்டு பேரும் நரிக்குடி பஸ்ஸில் ஒன்றாக ஏறிப் போனார்கள். பொன்னுச்சாமி இரண்டு நாளாகக் கடை திறக்கவில்லை.

ஆக, என் தப்பான லூப்பு ஒரு நல்ல காரியம் செய்தது என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருக்கிறது. அதை வெளியே சொல்ல வழியில்லாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த வருஷமும் என்னையே செய்யச் சொல்கிறார்கள். அனுப்புகிற வரியை எங்கே வைப்பது, ஆள் தனக்குத்தானே கை கொடுக்காமல் இருக்க என்ன எழுதுவது என்று விவரமாகச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம் தவறாமல் சாப்பிடுங்கள். பிள்ளையைக் கண்கலங்காமல் வைத்திருக்கிறீர்கள், ஆண்டவர் உங்கள் கையின் வேலையையெல்லாம் ஆசீர்வதிப்பார். அத்தையும் விசாரித்தாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
ஏசுவடியான்

பி.கு.: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் சுகந்தி வந்தாள். நான் மேலே பெருமையாக எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டு வாசியுங்கள். மெசேஜ் போன அன்றைக்கே ராஜபாண்டி அவளுக்குப் போன் செய்து, "இது பொன்னுச்சாமி அனுப்புனதா?" என்று கேட்டிருக்கிறான். அவள் மறைக்காமல், "இல்லய்யா, ஏசுவடியான் கம்ப்யூட்டர்ல தப்பு பண்ணிட்டான். பொன்னுச்சாமிக்கு ஒண்ணுமே தெரியாது" என்று சொல்லிவிட்டாளாம். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவன் எனக்குப் போன் செய்திருக்கிறான், வெள்ளைச் சட்டை தேய்த்திருக்கிறான், பொன்னுச்சாமி முன்னால் போய் நின்று "கூப்பிட்டியாமே" என்றும் கேட்டிருக்கிறான். இதைப் பொன்னுச்சாமியிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறானாம். போனை வைக்கும் முன்னால் அவளிடம் ஒன்று கேட்டானாம்: "நான் போயி நின்னா, கூப்பிடலன்னு சொல்லிருவானா சுகந்தி?" "எனக்குத் தெரியலயே" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அப்படியும் பஸ் ஏறி வந்திருக்கிறான்.