பிளேட்டால் வெட்டிய கெட்டிமேளம்

கையில் ஒரு புதுச் சவர பிளேட் கிடைத்தால் எவருக்கும் தான் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு வந்தது, படிப்பும் முடியாமல் வேலையும் கிடைக்காமல் வீட்டில் இருந்த வயதில். நோயாளி, எங்கள் அண்ணையின் கலியாணத்தில் பதிந்த ஒலிநாடாக் கசெற். (வைத்தியர் அடிவாங்காமல் தப்பியதே பெரிய காரியம்.)

இப்போது என் மகன் கணினிக்கு முன்னால் இருந்து பாட்டுக்களை வெட்டுகிறான். திரையில் சத்தம் மேடும் பள்ளமுமாக ஓடுகிறது. ஒரு விசையைத் தட்டினால் ஒவ்வொரு தவிலடியும் தனித்தனித் துண்டாகப் பிரிந்து நிற்கிறது. வெட்டுப் பிழையாகிப்போனால் இன்னொரு விசை. வெட்டே காணாமல் போய்விடுகிறது. "அசல் அப்பிடியே பத்திரமா இருக்கும் அம்மா. நான் வெட்டுறது அசலை இல்லை" என்று அவன் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் வெட்டியது அசலைத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம். நெல்லியடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மின்சாரம் என்ற ஒன்று இருந்ததையே மறந்துவிட்டோம். ராஜி அக்காவுக்குக் கலியாணம். அப்பா திடீரென்று இறந்ததால் ஒரு தடவை தள்ளிப்போன கலியாணம் அது. இணுவிலில் இருந்து மேளகாரர் வருவதாக ஏற்பாடு. நாள் கிட்டியபோது பாதையை மூடிவிட்டார்கள். மேளம் அந்தப் பக்கம், முகூர்த்தம் இந்தப் பக்கம்.

மாப்பிள்ளையின் தாயார் வந்து கதிரையில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் சொன்னார்: "மேளச் சத்தம் இல்லாமல் என்ரை பிள்ளை தாலி கட்டமாட்டான். தாலி ஏறேக்கை ஆரும் தும்மினால் என்ன செய்யிறது? கூடாத சொல்லு ஏதும் காதிலை விழுந்தால் என்ன செய்யிறது? அதை மறைக்கத்தானே கெட்டிமேளம். பாதை திறக்கட்டும், பிறகு பாப்பம்."

அந்த நாட்களில் 'பிறகு' என்று ஒன்று வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"மேளச் சத்தந்தானே மாமி வேணும்? நான் கொண்டுவாறன்."

"நீயோ?" என்றார் அவர்.

"ஓம். கசெற்றிலை."

(இந்த வாய்க்கு அன்றே ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.)

எங்களிடம் இருந்த ஒரே கெட்டிமேளம், அப்பா உயிரோடு இருந்தபோது நடந்த அண்ணையின் கலியாணத்தில் பதிந்தது. அண்ணை பிறகு ஜேர்மனிக்குப் போய்விட்டார். கசெற்றின் ஒரு பக்கத்தில் தாலிகட்டு. மறுபக்கத்தில் 'சாப்பாடு' என்று எழுதியிருந்தது. சாப்பிடுகிற சத்தத்தை யார் இருந்து கேட்பார்கள் என்று அந்தப் பக்கத்தை நான் ஒருநாளும் போட்டதில்லை.

தாலிகட்டுப் பக்கம் மட்டும் என்ன திறம்? ரெக்கோடரைச் சனத்துக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள். கெட்டிமேளம் முழங்க முழங்க, ஒரு பிள்ளை வீரிட்டு அழுகிறது. ஒருவர் இருமுகிறார். ஒரு மனுசி, "உந்தச் சீலை எங்கை வாங்கினது?" என்று கேட்கிறார். இதையெல்லாம் நீக்கி, சுத்தமான மேளத்தை மட்டும் பொறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு தாலி கட்டி முடியும் நேரத்துக்கு நீட்டவேண்டும். இதுதான் திட்டம்.

மின்சாரத்துக்கு ரவி அண்ணை. பெரியப்பாவின் மகன். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி அவர் மிதிப்பார். பின்சில்லில் உரசும் டைனமோவிலிருந்து ரெக்கோடருக்கு வயர் போகும். அவர் களைத்தால் தவிலும் களைக்கும். அவர் உசாராக மிதித்தால் நாதஸ்வரம் கீச்சிடும். "ஒரே சீராய் மிதியுங்கோ அண்ணை!" என்று நான் கத்த, "நான் என்ன மெசினோ?" என்று அவர் கத்த, அயல் முழுவதற்கும் எங்கள் முயற்சி தெரிந்துபோயிற்று.

கசெற்றைத் திறந்து நாடாவை வெளியே இழுத்தேன். கேட்டுக்கொண்டே வந்து, அடி விழும் இடத்தில் நிறுத்தி, அக்காவின் புருவப் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளியில் வெட்டு. ஒட்டுவதற்கு அவளுடைய நகப்பூச்சு. அறுந்த கசெற்றை அப்படித்தான் அந்தக் காலத்தில் ஊர் முழுக்க ஒட்டினார்கள்.

"என்ரை கலியாணச் சாமான் எல்லாம் உன்ரை கசெற்றுக்கோ?" என்றாள் அக்கா.

"கலியாணமே இதிலைதான் இருக்கு. பேசாமல் இரு."

முதல் தவிலடியை வெட்டியெடுத்து உள்ளங்கையில் வைத்தபோது நான் மூச்சுவிடவில்லை. என் பெருவிரலின் நீளம்கூட இல்லை. ஒரு மனிதர் தோள் குலுங்க, ஊரே திரும்பிப் பார்க்க அடித்த அடி, மண்ணிற நாடாவாக என் கையில் கிடக்கிறது! ஊதினால் பறந்துவிடும். சத்தத்துக்கு நீளம் உண்டு, அதை முழம் போட்டு அளக்கலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஒரு சாண் நாடாவுக்குள் ஒரு ஆள் ஒரு வசனம் பேசி முடித்துவிடலாம். கடவுளே, மனிதர் என்னவெல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாய்பிளந்து இருந்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை, சிலதைக் கண்டுபிடித்தேன். நேராக வெட்டினால் ஒட்டில் 'டக்' என்று கேட்கும். சரித்து வெட்டினால் ஒரு அடி அடுத்ததற்குள் வழுக்கிக்கொண்டு போகும். அடி தொடங்குவதற்கு ஒரு மயிரளவு முன்னால் வெட்டவேண்டும், பிந்தினால் தவில் ஊமையாகிவிடும். மினுங்கும் பக்கம் வெளியே, மங்கிய பக்கம் உள்ளே. இதெல்லாம் தெரிந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது. பேச்சும் இருமலும் உள்ள துண்டுகளை ஒரு குப்பையாகக் கூட்டி அடுப்பில் போட்டேன்.

கலியாண நாள் வந்தது. ரெக்கோடரின் சத்தம் போதாதென்று அதைச் சோறு காய்ச்சும் பெரிய கிடாரத்துக்குள் இறக்கினோம். என்ன முழக்கம்! வெறும் கிடாரம் கோயில் வீதிபோல அதிர்ந்தது. நானே கைகூப்பிவிட்டேன். அந்த நேரம் பார்த்து நடுவில் அடுத்தடுத்து இரண்டு ஒட்டு விட்டுவிட்டது. கசெற்றை வெளியே எடுத்து நாடாவை இழுத்தபோது ஒரு சாண் துண்டு ஒன்று கழன்று முற்றத்தில் பறந்தது. ஓடிப்பிடித்து, மினுங்கும் பக்கம் வெளியே என்று பார்த்து, திரும்ப ஒட்டினேன். மறுபடி போட்டுப்பார்க்க நேரமில்லை. ஐயர் வந்துவிட்டார்.

மணவறையில் அக்கா. கன்னிகாதானத்துக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும். அம்மா அறைக்குள். புருசன் இல்லாதவள் தாலிகட்டும் நேரத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்று யாரும் சொல்லுமுன் தானே உள்ளே போய் யன்னல் ஓரத்தில் நின்றுகொண்டார். நானும் ரவி அண்ணையும் சைக்கிளும் கிடாரமும் ஒரு மறைப்புச் சீலைக்குப் பின்னால்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார் ஐயர்.

ரவி அண்ணை மிதித்தார். மேளம் எழுந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டு வழுக்கிக்கொண்டு போகிறது, ஒரு இருமல் இல்லை, ஒரு அழுகை இல்லை. சீலை இடுக்கால் பார்த்தேன். மாமியின் முகத்தில் ஒரு ஆச்சரியம். மாப்பிள்ளை தாலியை எடுத்து அக்காவின் கழுத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டார். அப்போதுதான் கிடாரத்துக்குள் இருந்து என் அப்பா பேசினார்.

"நிப்பாட்டு! நிப்பாட்டடா! ஆரைக் கேட்டுக் குடுக்கிறாய்?"

அப்பா பஸ் கொண்டக்டராக இருந்தவர். நிறைந்த பஸ்ஸின் பின்படியிலிருந்து சாரதிக்குக் கேட்கப் பேசிப் பழகிய குரல். அதைக் கிடாரத்துக்குள் இறக்கினால் எப்படி இருக்கும்! மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. ஐயரின் வாய் நின்றது. ரவி அண்ணை மிதிப்பதை நிறுத்திவிட்டார். (பிறகு ஏசினபோது, "சித்தப்பா நிப்பாட்டு எண்டால் நான் எப்பிடியடி மிதிக்கிறது?" என்றார்.) மேளமும் நின்றது.

நாடாவில் இரண்டு பக்கமும் அருகருகே படுத்திருக்கின்றன. ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் மறுபக்கம் பேசும். மினுங்கலைப் பார்த்த நிபுணர் தலையையும் வாலையும் பார்க்கவில்லை. இவ்வளவும் பிறகு விளங்கியது. அந்த நேரத்தில் எனக்கும் மற்றவர்களைப் போல ஒன்றுதான் விளங்கியது: அப்பா வந்திருக்கிறார், அவருக்கு இந்தக் கலியாணத்தில் விருப்பமில்லை.

மாமி எழுந்துவிட்டார். "எழும்பு தம்பி" என்று மகனைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தார்.

அறைக் கதவு திறந்தது. அம்மா ஓடிவந்தார். வெள்ளைச் சீலையோடு, வெறும் நெற்றியோடு, சபையைப் பிளந்துகொண்டு நேரே மணவறைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் முழுக்கக் கண்ணீர், ஆனால் சிரிக்கிறார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு கனகாலம்.

"தம்பி, அவர் பாயாசத்தைத்தான் நிப்பாட்டச் சொன்னவர்! பெரியவன்ரை கலியாணத்திலை, பொம்பிளை பகுதி சாப்பிட முந்தி ரவி பாயாசத்தை அள்ளிக் குடுக்கிறான் எண்டு பந்தியிலை நிண்டு கத்தினவர். நீங்கள் கட்டுங்கோ!"

அம்மா மாமியைப் பார்த்தார்.

"உங்கடை பிள்ளைக்குக் கூடாத சொல்லு ஒண்டும் விழேல்லை மச்சாள். இந்தப் பிள்ளையின்ரை தகப்பன்ரை குரல்தான் விழுந்தது. அது இல்லாமல்தானே நாங்கள் இவ்வளவு நேரமும் இருந்தனாங்கள்."

மாமி மகனின் தோளில் கைவைத்து, "கட்டு மோனை" என்றார். ரவி அண்ணை சைக்கிளால் குதித்து, ரெக்கோடர் உள்ளே இருக்கிற நினைவே இல்லாமல், கிடாரத்தைக் கையால் அடிக்கத் தொடங்கினார். யாரோ தாம்பாளத்தை எடுத்தார்கள், யாரோ மூடியை எடுத்தார்கள். அந்த இரைச்சலில் அக்காவுக்குத் தாலி ஏறியது. அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. போகச்சொல்ல ஐயருக்கும் மனம் வரவில்லை.

எல்லோரும் போனபின் அம்மா என்னிடம் வந்து, "அதை இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன். கேட்டார். "மிச்சம் எங்கை? அண்டைக்கு நிறையக் கதைச்சவரெல்லோ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருமலுக்கும் அழுகைக்கும் மறுபக்கத்தில் அப்பா இருந்திருக்கிறார். "அடுப்பிலை" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"சரி விடு. அவரைக் கதைக்க விட்டால் அவராய் நிப்பாட்டமாட்டார்" என்று சொல்லி, அம்மா என் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவரும் அழுதார் என்பது என் தலைமயிர் நனைந்ததால் தெரியும்.

இன்று, ஜேர்மனியில் இருக்கும் அண்ணையைத் தவிர, நாங்கள் எல்லோரும் கனடாவில் இருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கலியாணம் என்றாலும், ஐயர் கெட்டிமேளம் சொன்னவுடன் அம்மா எழுந்து மணவறைக்கு முன்னால் போய் நிற்பார். யாரும் கூப்பிடுவதில்லை, யாரும் மறிப்பதுமில்லை. அம்மாவின் இடம் அது. மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் பின்னாலிருந்து ரவி அண்ணை, "நிப்பாட்டு!" என்று உறுக்குவார். சபை சிரிக்கும். அம்மா கையைக் காட்டி, "நீங்கள் கட்டுங்கோ" என்பார். அதற்குப் பிறகுதான் தாலி. மேளகாரர்தான் பாவம், புதிதாக வருகிறவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து நிஜமாகவே நிறுத்திவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு கலியாணத்திலும் அவர்களை முன்னதாகவே தனியாகக் கூப்பிட்டு, என்ன நடந்தாலும் அடிப்பதை விடவேண்டாம் என்று சொல்லிவைக்கும் பொறுப்பைக் குடும்பம் என் தலையில் கட்டியிருக்கிறது.