பெரியவர் இருந்தவரை விழாத சர்வர்

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டு சின்னவர் உட்கார்ந்த நேரம் பார்த்து, சர்வர் மறுபடியும் விழுந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவுகளை வீட்டிலிருந்தபடியே பார்க்க ஓர் இணையதளம் உண்டு. அதை நடத்துவது சர்வர் என்கிற இரண்டு கம்ப்யூட்டர்கள். முன்சர்வர் கோரிக்கையை வாங்கிப் பின்சர்வரிடம் கொடுக்கும். பின்சர்வர் முடிவைத் தேடி எடுத்துத் தரும். விழுந்துகொண்டே இருந்தது பின்சர்வர்தான். முதலாளி இல்லாத நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்துவிட்ட மைத்துனன் மாதிரி, முன்சர்வர் எல்லோரையும் அப்புறம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

இவற்றைப் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். பெரியவர், சின்னவர் என்றுதான் ஆஸ்பத்திரி முழுக்க அழைப்பார்கள். பெரியவர் என்றாலும் அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. பின்சர்வர் அவர் பொறுப்பு. வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே சர்வர் விழ ஆரம்பித்தது.

“அவர் காலத்துல ஒரு புகார்கூட வந்ததில்லையே” என்றார் மேலாளர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சின்னவருக்கு.

பதில் வராவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்கும்படி சின்னவர் முன்சர்வரை மாற்றினார். தள்ளாடி எழுந்த பின்சர்வரின் தலையில் கோரிக்கைகள் ஒன்றுக்கு மூன்றாக வந்து இறங்க, அது எழுந்த வேகத்தில் படுத்தது. சரி, பொறுமையாகக் காத்திருக்கட்டும் என்று மாற்றினார். காத்திருந்த கூட்டம் நிரம்பி வழிந்து முன்சர்வரும் விழுந்தது. துணைக்கு இன்னொரு பின்சர்வரை வைத்தார். இரண்டும் ஜோடி சேர்ந்து விழுந்தன.

கடைசியில், ஒருமுறை வந்த பதிலை முன்சர்வரே ஒரு நகல் வைத்துக்கொண்டு காட்டட்டும் என்று செய்தார். அரைமணி நேரம் எதுவும் விழவில்லை. மேலாளர் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பிறகு கவுண்டர் அக்கா வந்தாள். ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் போனில் இருக்கிறாராம். அவருடைய இணையப் பக்கத்தில் கர்ப்பம் உறுதி என்று வந்திருக்கிறதாம். மனிதர் கோபப்படவில்லை, இதை வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் கேட்டாராம். முன்சர்வர் ஒருத்தியின் முடிவை நகலெடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் நீட்டியிருக்கிறது. சின்னவர் ஓடிப்போய் அதை நிறுத்தினார். நிறுத்தியதும் பின்சர்வர் விழுந்தது.

ஒவ்வொரு தடவை விழும்போதும் அவர் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பி, “அண்ணே” என்று வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார். அந்த நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை.

அன்று சாயங்காலம், பெரியவர் வீட்டில் இருக்கும் ஆபீஸ் லேப்டாப்பை வாங்கிவரச் சொல்லி மேலாளர் அனுப்பினார். அண்ணிதான் கதவைத் திறந்தார். ஒயரை அழகாகச் சுற்றி, லேப்டாப்பைத் துடைத்து எடுத்து வைத்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருக்கிறார்கள் என்றார். சின்னவர் லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். டீயில் ஆடை படிந்தது.

“அண்ணி, அண்ணன் கையில அது ஒரு நாளும் விழுந்ததில்ல. அப்படி என்னதான் பண்ணி வச்சிருந்தாரோ. நான் தொட்டதெல்லாம் கெட்டுப்போகுது. அவர் பேரையே கெடுத்துட்டேன்.”

துக்க வீட்டுக்கு வந்தவர் தன் சர்வருக்காக உட்கார்ந்து அழுதார். அண்ணி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

“விழாம எங்க தம்பி இருந்துச்சு, தினமும் விழும்” என்றார். “போன் கத்தினா சாப்பிட்ட கையோட எழுந்துபோய் லேப்டாப்ல எழுப்பி விட்டுட்டு வருவாரு. அன்னிக்கும், நெஞ்சு வலிக்குதுன்றீங்களே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்னேன். இத மட்டும் எழுப்பி விட்டுட்டு வந்துடறேன்னு உக்காந்தாரு.”