அழிந்துபோன சரணம்

இரண்டாவது சரணம் இருந்த இடத்தில், கணினித் திரையில் ஒரு நேர்கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒலிப்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கோடு அப்படியேதான் இருந்தது. பாடகியின் இருமலை அழிக்கப்போய் சரணத்தையே அழித்து, அந்தக் கையோடு சேமித்தும் தொலைத்திருந்தார்.

"மாமா, அம்மாகிட்டயே சொல்லி இன்னொரு தடவை..." என்று இழுத்தான் கீபோர்டு வாசிக்கும் மைத்துனன்.

"வாயைக் கழுவுடா. யார் காதுலயாவது விழப்போகுது."

எல்லோரும் அம்மா என்று அழைக்கும் அந்தப் பாடகி, ஒரு பாட்டை ஒரு தடவைதான் பாடுவார். இன்னொரு தடவை பாடச் சொன்னவர்களை அப்புறம் அந்த ஸ்டூடியோ பக்கமே யாரும் பார்த்ததில்லை என்று பேச்சு. ஒலிப்பதிவாளருக்கோ ரொம்ப நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்து, வாங்க வேண்டிய பேச்செல்லாம் வாங்கிய பிறகு, அம்மாவின் டிரைவர் தேடி வந்து கூட்டிப்போனதில் கிடைத்த வேலை. சேர்ந்த அன்றே மனைவி தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். இனி எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது?

"பழைய பாட்டுலேருந்து குரலை எடுத்து ஒட்டிடலாம் மாமா. இத்தனை வருஷமா பாடுறாங்க, ஒரு சரணம் தேறாதா?"

தேறியது. அதுவே வினையாகப் போயிற்று.

அம்மாவின் ஆரம்பகாலப் பாட்டெல்லாம் தாலாட்டுப் போல மெல்லிசை. புதுப்பாட்டின் வேகத்துக்கு அதைப் பிடித்து ஓட்டியதில் குரல் அணில் மாதிரிக் கீச்சிட்டது.

"அம்மா டிஸ்கோ பாடின காலத்துக்குப் போங்க மாமா."

போனார். அந்தக் குரலோடு கைதட்டலும் விசிலும் ஒட்டிக்கொண்டே வந்தன. விசிலை அமுக்க, ராக் காலத்து அலறல் ஒன்றை மேலே போட்டார். அலறல் சரணத்தோடு நிற்காமல் பல்லவிக்குள்ளும் புகுந்து, நன்றாக இருந்த பல்லவியையும் கெடுத்தது. ஒட்டு தெரியாமலிருக்க மைத்துனன் டிரம்ஸைக் கூட்டினான். கேட்டுப் பார்த்தால், ஒரே வீட்டில் நாலு சம்பந்திகள் ஒரே நேரத்தில் கோபித்துக்கொண்டது போலிருந்தது.

"மாமா, எனக்கு வயித்தை என்னமோ பண்ணுது. கிளம்பட்டுமா?"

"ஒட்டச் சொன்னது யாரு? பேசாம உட்காரு."

வாசலில் கார் வந்து நின்றது.

அம்மா வந்தார். பின்னாலேயே ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டிரைவர். அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்து, "போடு" என்றார்.

ஒலிப்பதிவாளர் பட்டனைத் தட்டினார். பாட்டு ஓடியது. அணில் கீச்சிட்டது, விசில் பறந்தது, அலறல் எழுந்தது. அம்மா கண்களை மூடியிருந்தார். மனைவியிடம் சொல்லவேண்டிய முதல் வாக்கியத்தை ஒலிப்பதிவாளர் மனத்துக்குள் தேடத் தொடங்கினார்.

பாட்டு முடிந்தது.

"ரெண்டாவது சரணத்தை நான் இப்படியா பாடினேன்?"

"கொஞ்சம்... மெருகு..." என்றார் ஒலிப்பதிவாளர். மைத்துனன், விழாத ஒன்றைத் தேடி மேசைக்கடியில் போய்விட்டான்.

"இன்னொரு தடவை போடு."

போட்டார்.

"இதுதான் என் புது ஸ்டைல்" என்றார் அம்மா. "மீதிப் பாட்டும் இதே மாதிரி வரட்டும்." எழுந்து போய்விட்டார்.

ஒலிப்பதிவாளர் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். ஃபிளாஸ்க்கை எடுக்கப் பின்தங்கிய டிரைவர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப பயந்துட்டீங்களா சார்?"

"செத்துப் பொழைச்சேங்க. அந்தச் சரணத்தை நான் அழிச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"அம்மாவோட டிஸ்கோவும் ராக்கும் மட்டும் எப்படி வந்துச்சாம்? இப்படி அழிச்சுட்டுப் பயந்து ஒட்டினவங்களாலதான். தைரியமான ஆளுங்க உண்மையைச் சொல்லி மறுபடி பாடச் சொல்லிடுறாங்க சார். அதான் நல்லா பயப்படுற ஆளாப் பார்த்துப் புடிச்சுட்டு வரச் சொல்லி அம்மா என்னை அனுப்புறாங்க."