தரிசுக்கு நான் எழுதிய விளக்கம்

வேலந்தாவளம் அஞ்சல்,
ஐப்பசி, வியாழக்கிழமை.

மகன் கோகுல்நாத்துக்கு,

உனக்கும் பிரதீபாவுக்கும் அம்மாவின் ஆசி. ஆக்லாந்தில் இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம்தான். இரத்த அழுத்தம் டாக்டர் சொன்ன எல்லைக்குள் நிற்கிறது, முழங்கால் மட்டும் யார் சொன்னதையும் கேட்பதில்லை, தென்னைக்கு உரம் வைத்தாயிற்று. கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நீ "சொல்லும்மா, சொல்லும்மா" என்று அவசரப்படுத்துவாய், நானும் மழை பெய்ததையும் மாடு கன்று போட்டதையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். வெட்கக்கேட்டை முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் குறுக்கே பேச ஆளில்லாமல் எழுதுவதே நல்லது. ஊர் கூடியிருந்த இடத்தில் உன் அம்மா இந்த வயதில் தலைகுனிந்தாள். அந்தச் செய்தி வேறு வாய் வழியாக உன்னிடம் வந்து சேருமுன் என் கையெழுத்திலேயே வரட்டும்.

நம் பஞ்சாயத்தில் பசுமைத் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. எங்கே நிழலுக்கு மரவரிசை வைப்பது, எங்கே குளம் வெட்டுவது, மழைத்தண்ணீரை எந்த வழியாக விடுவது என்று முடிவு செய்ய ஊரையே கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிறார்கள். மரம் ஒரு புள்ளி, ஓடை ஒரு கோடு, நிலம் ஒரு துண்டு. எதைத் தொட்டாலும் அதன் பின்னால் வரிசையாகக் கட்டங்கள் திறக்கும்: என்ன மரம், யார் நிலம், யார் அளந்தது என்று. இதையெல்லாம் அமைக்க வந்திருக்கும் பெண்ணின் பெயர் இந்து. மூணாறு பக்கம் எஸ்டேட் குடும்பம், எஞ்சினீயரிங் படித்தவள், வாய்த்துடுக்கு உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் இதுதான் பொருள் என்று ஒரு விளக்கக் கையேடு எழுதாவிட்டால் பத்து வருஷம் கழித்து அதைத் திறப்பவருக்கு ஒன்றுமே புரியாது என்று அவள் சொன்னாளாம். வார்டு மெம்பர் ஈஸ்வரமூர்த்தி நேராக நம் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஏனுங்கம்மா, தமிழும் இங்கிலீசும் தப்பில்லாம எழுதறதுக்கு உங்கள உட்டா இந்த ஊர்ல ஆருங்க இருக்கறாங்க?" என்றார். உண்மையைத்தான் சொன்னார் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், அந்தப் பெண் "கிணறு" என்ற கட்டத்துக்கு எதிரே "கிணறு" என்று எழுதி வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, "கெணறுன்னா எல்லாருக்கும் தெரியுமேம்மா" என்றாள். தண்ணீர் வற்றியது கிணறா, குப்பை கொட்டுவது கிணறா, சிமெண்ட் பலகை போட்டு மூடி அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிறுத்துவது கிணறா என்று வரிசையாகக் கேட்டேன். அன்று முதல் என்னை "சிஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். எங்கள் கான்வென்ட் கன்னியாஸ்திரீகளைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வேலை சுத்தமாக நடந்தது. மரத்துக்கும் ஓடைக்கும் வேலிக்கும் நான் எழுதிய விளக்கங்களில் ஒரு சொல் கூட்ட முடியாது, குறைக்க முடியாது. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தரிசு. "தரிசு: தொடர்ந்து மூன்று ஆண்டுகளாகப் பயிரோ கட்டடமோ இல்லாத நிலம்." தரிசாக வரும் துண்டுகளைத்தான் குளத்துக்கும் மரத்துக்கும் முதலில் கேட்பார்கள். உரிமையாளர் வெளியூரில் இருந்தால் "திரும்பி வந்து பயன்படுத்தும் வாய்ப்பு" என்று இன்னொரு கட்டம். அதில் இந்து மூன்று பதில்கள் வைத்திருந்தாள்: உண்டு, இல்லை, தெரியவில்லை. மூன்றாவதை நான் அடித்துவிட்டேன். தெரியவில்லை என்பது பதிலே அல்ல, சோம்பேறித்தனம் என்று சொன்னேன். அந்தக் கேள்வியைக் குடும்பத்தாரிடம் கேட்கக் கூடாது, அவர்கள் ஆசையில் பேசுவார்கள், பக்கத்து நிலத்துக்காரரிடம்தான் கேட்க வேண்டும் என்றும் விதி எழுதினேன். அப்போது என் புத்தி எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

கிராமசபை கூடியது. பள்ளிக்கூட ஹாலில் திரை கட்டியிருந்தார்கள். கையேட்டை நான் நின்றுகொண்டே வாசித்தேன். தரிசு வந்ததும் நம் பங்காளி பொங்கியண்ணன் எழுந்துவிட்டான். மாட்டுச் சந்தைக்கு முதல் நாள் மாடுகளைக் கட்டி வைக்கிறானே, நம் நிலத்தை ஒட்டிய அந்த இடத்துக்காக. "நங்கையா, வாரம் ஒருக்கா மாடு நிக்கற எடமுங்க. அது எப்புடீங்க தரிசாகும்?" என்றான். மாடு பயிரா, கட்டடமா என்று கேட்டேன். ரெண்டும் இல்லைதானுங்க என்றான். "அப்படியென்றால் உட்கார். நங்கையா என்று முறை சொன்னாலும் விளக்கத்துக்குப் பங்காளியும் தெரியாது, அண்ணியும் தெரியாது" என்றேன். கூட்டம் சிரித்தது. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்ததாக இந்து திரையில் வரைபடத்தைப் போட்டாள். தரிசெல்லாம் சிவப்பு, மழைத்தண்ணீர் ஓடும் வழியெல்லாம் நீலம். மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த நீலக் கோடுகள் எல்லாம் ஒரே ஒரு சிவப்புத் துண்டில் போய்க் கூடின. அங்கே ஒரு குளம் வெட்டினால் கீழ்த்தெரு அங்கன்வாடிக்குள் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் ஏறுவது நின்றுவிடும் என்று அவள் விளக்கினாள். எனக்கும் பிரமாதமாகப் பட்டது. அந்தத் துண்டைத் தொட்டாள், கட்டங்கள் திறந்தன. உரிமையாளர்: கோகுல்நாத். இருப்பிடம்: வெளிநாடு. திரும்பி வந்து பயன்படுத்தும் வாய்ப்பு: இல்லை.

அட, நம்ம கோகுலு எடமல்லொ, என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் பக்கத்தில் உச்சுக் கொட்டினார்கள். யாரிடம் கேட்டு "இல்லை" என்று எழுதினாய் என்று இந்துவிடம் கேட்க வாயெடுத்தேன். நான் எழுதிய விதிப்படி பக்கத்து நிலத்துக்காரனிடம் கேட்டிருப்பாள். பக்கத்து நிலத்துக்காரன் பொங்கியண்ணன்தானே. அவனும் தரையைப் பார்த்துக்கொண்டு, "பொய் சொல்லக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சுங்க நங்கையா" என்றான்.

கண்ணு, இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வடகிழக்கு தாழ்ந்திருந்தால் குடும்பம் தழைக்கும் என்று வாஸ்து பார்த்து உன் அப்பா உனக்குப் பிரித்துக் கொடுத்த இடம் அது. பூமி பூஜை போட்டு நான்கு மூலையிலும் கல் நட்டோம். நீ வெளிநாடு போன பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே போய், வாசப்படி எங்கே வருமோ அந்த இடத்தில் சாணம் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வருகிறேன். வீடில்லாத இடத்தில் வாசல் தெளிக்கிறாளே என்று யாராவது நினைத்திருக்கலாம். என் முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை. திரையில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும், யாரும் கேட்காததற்குக் காரணம் மரியாதை இல்லை, பரிதாபம் என்று விளங்கிவிட்டது. இத்தனை நாளாக என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள்! என்னைப் பார்த்து!

வீட்டுக்கு வந்து கையேட்டை எடுத்து தரிசு விளக்கத்தின் கீழே ஒரு வரி சேர்த்தேன். "விதிவிலக்கு: வாசல் தெளித்துக் கோலமிட்டுப் பராமரிக்கப்படும் நிலம் தரிசு ஆகாது." இந்து படித்துப் பார்த்து, "ஏம்மா, கோலத்தை எப்படிம்மா மேப்புல ஏத்துறது?" என்றாள். இது எங்கள் பக்கத்து வழக்கம், மலையில் வளர்ந்த உனக்குப் புரியாது என்று சொன்னேன். அவள் அந்த வரியை அப்படியே சேர்த்துவிட்டாள். அன்று அவள் சிஸ்டர் என்று கூப்பிடவில்லை. தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். பிறர் செய்திருந்தால் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "சுயநலம்" என்று எழுதியிருப்பேன்.

திருத்திய கையேட்டைப் பஞ்சாயத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். நம் ஊரில் நோட்டீஸ் பலகையை யாரும் படிப்பதில்லை என்று நான் நம்பியிருந்தேன். ஜில்லா ஆபீசிலிருந்து திட்ட அதிகாரி செபாஸ்டின் சார் நேரில் பார்க்க வந்த அன்று அவரோடு நானும் இந்துவும் ஜீப்பில் போனோம். ஓடாமல் கிடக்கும் அரிசி மில்லை ஒட்டிய பொட்டலில் கோலம். இடிந்த செங்கல் சூளைக்கு நடுவில் கோலம். கள்ளுக்கடைப் பின்புறத்தில், உடைந்த பாட்டில்களை ஒதுக்கிவிட்டு, ஒரு தாமரைக் கோலம். ஆயுளில் கோலப்பொடியைக் கையால் தொட்டிராத ஆண்பிள்ளைகள் சுண்ணாம்பை அள்ளி வட்டமும் சதுரமும் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு கட்சிக்காரர் தன் கொடியையே வரைந்துவிட்டார். பொங்கியண்ணனின் மாட்டு நிலத்தில் தேர் அகலத்துக்குப் புள்ளிக்கோலம், அதன் நடுவில் ஒரு எருமை நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. "எந்தா இது, இவிடெ உத்ஸவமோ?" என்று மலையாளத்தில் கேட்டார் செபாஸ்டின் சார். "ஆமாங்க சார், உற்சவந்தானுங்க" என்று ஈஸ்வரமூர்த்தி முன்சீட்டிலிருந்து சொன்னார். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன், வியர்வை என்று நினைக்கட்டும் என்று.

ஹாலில் திரையைப் போட்டார்கள். சிவப்பு என்பதே இல்லை. செபாஸ்டின் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். "அப்போ ஈ பஞ்சாயத்தில் ஒரு சென்ட் தரிசு கூட இல்லே?" என்று கேட்டார். "கையேட்டுப் பிரகாரம் இல்ல சார்" என்றாள் இந்து. கையேட்டை யார் எழுதியது என்றார். நான் எழுந்திருக்கலாம், எழவில்லை. அதற்குள் பொங்கியண்ணன் எழுந்தான். "எங்க நங்கையா எழுதுனதுங்க சார். கான்வென்ட்டுல படிச்சவங்க. ஒரு எழுத்து தப்பா இருக்காதுங்க!" என்றான். கூட்டமே கை தட்டியது. அவன் கேலி செய்யவில்லை கோகுல், நிஜமாகவே நன்றியோடு சொன்னான். அவனுடைய மாட்டு நிலம் பிழைத்துவிட்டதல்லவா? அந்தக் கைதட்டலில் நான் கூசிப்போனதைப் போல் என் வாழ்நாளில் கூசியதில்லை. இதைச் சரி செய்யாவிட்டால் நம் பஞ்சாயத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்று செபாஸ்டின் சார் எல்லார் முன்னாலும் இந்துவைக் கடிந்துகொண்டார். அவள் என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. அங்கன்வாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு, குடை பிடித்துக்கொண்டு போனேன். டீச்சர் அரிசி மூட்டையை மேஜை மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை அதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து நம் இடத்துக்குப் போனேன். ஊரில் போட்டிருந்த அத்தனை கோலமும் கரைந்து, இந்து வரைந்த நீலக் கோடுகளின் வழியாகவே வந்து, உன் வாசப்படி வர வேண்டிய இடத்தில் வெள்ளைவெளேரென்று பால் மாதிரி நின்றது. அந்தப் பெண்ணின் வரைபடத்தில் ஓர் அடி பிசகில்லை.

மறுநாள் இந்துவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "தெரியும்மா. அன்னைக்கே தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா 'தெரியவில்லை'ங்கிறதைத் திரும்பச் சேத்திருப்பேனே. இப்பச் சேக்கட்டுமா, சிஸ்டர்?" என்றாள். வேண்டாம் என்றேன். விதிவிலக்கை என் கையாலேயே அழித்தேன். "இல்லை" என்பது அப்படியே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டேன். தண்ணீர் வடியும் வரை அங்கன்வாடியை நம் முன்கூடத்தில் நடத்துகிறார்கள். உன் அப்பாவின் சாய்வு நாற்காலியில் ஒரே நேரத்தில் நான்கு பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

நிலம் உன் பெயரில் இருப்பதால் உன் சம்மதம் வேண்டும். சம்மதப் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன், பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே கையெழுத்துப் போட்டு உடனே கூரியரில் அனுப்பு. நீ வருவாயா என்று நான் இதுவரை கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. உனக்கு அங்கே வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேலை ஒன்று எனக்குக் குறைந்தது, முழங்காலுக்கும் நல்லது. குளம் வந்தால் அதன் பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை இல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் இருவருக்கும் நம் குலதெய்வம் துணை நிற்கட்டும், ஆயுளும் ஆரோக்கியமும் நிறையட்டும். பிரதீபாவைக் குளிரில் ஈரத்தலையோடு வெளியே போக வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
அம்மா.

பின்குறிப்பு: பத்திரத்தில் கையெழுத்துப் போட அவசரமில்லை. உறையை ஒட்டும் நேரத்தில் பொங்கியண்ணன் ஒரு பையோடு வந்தான். "நங்கையா, கோலந்தான ஆகாது? கொள்ளுத் தூவிட்டா பயிருதானுங்களே?" என்றான். கையேட்டை எடுத்துப் பார்த்தேன். கொள்ளு பயிர்தான், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. கடிதத்தை நிறுத்தி வைத்தேன், இரண்டு நாளில் நம் இடத்தில் தண்ணீரும் வடிந்துவிட்டது. உழுது தூவியாயிற்று, ஆகவே உன் இடம் இன்றைக்குத் தரிசு அல்ல. குளம் வெட்டுவது எப்படியும் மழையெல்லாம் ஓய்ந்து மாசியில்தான் என்று இந்துவே சொன்னாள், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தூவிய அன்றே வேலந்தாவளத்து விதைக்கடையில் மத்தியானத்துக்குள் கொள்ளு தீர்ந்துவிட்டதாம். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தை மாதம் அறுப்பு. இங்கே அறுக்க ஆள் கிடைப்பதில்லை. நீ வந்தால் உதவியாக இருக்கும்.