ஜலதோஷம் பெண் பார்த்த கதை

ஓசூரில் யாராவது தும்மினால் எல்லோரும் விலகி ஓடுவார்கள். தும்மியவனை நோக்கி ஓடிய ஒரே மனிதர், ஜலதோஷம் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்தவர்தான். எண்பதுகளின் கடைசியில் மூக்கண்டப்பள்ளியில் நானும் அவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். அவருக்கு பேரிங் கம்பெனியில் குண்டுகளை உருட்டிப் பார்க்கும் வேலை. வைரஸ் நம்மை என்ன செய்யும் என்பதைவிட, அது எப்படி நகர்கிறது என்பதுதான் அவர் கவலை. காலும் கிடையாது, வாலும் கிடையாது. செல்லின் மேல் விழுந்த இடத்திலிருந்து உள்ளே நுழைய வாகான இடத்துக்கு எப்படிப் போகிறது? ஞாயிற்றுக்கிழமை நான் பெங்களூருக்கு சினிமா பார்க்கக் கிளம்பினால், அவரும் அதே பஸ்ஸில் வந்து லைப்ரரிக்குப் போய்விடுவார்.

வேட்டியில் ஒட்டுமே, அந்த முள்ளுக்காய் ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அதை என் கம்பளியில் உருட்டிக் காட்டி, வைரஸுக்கும் இப்படி உடம்பெல்லாம் கைகள், ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்கும் என்பார். என் கம்பளி ஒரே குளிர்காலத்தில் கந்தலானது.

அப்படிப்பட்டவருக்கு வேப்பனப்பள்ளியில் பெண் பார்த்தோம். மாந்தோப்புக்காரர் வீடு. வைரஸ் என்று வாயே திறக்கக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப் போனேன். பஜ்ஜி வரும்வரை சத்தியம் தாங்கியது. பெண்ணின் அப்பா ஒரு தும்மல் போட்டார். அடுத்த நிமிடம், வைரஸுக்கு உடம்பெல்லாம் கைகள் என்ற விளக்கத்தோடு அவருடைய கம்பளிச் சால்வையில் முள்ளுக்காய் உருண்டது, பாதி வழியில் சிக்கியது. பிடுங்கியபோது ஒரு கொத்து நூலும் கூடவே வந்தது.

பஜ்ஜித் தட்டோடு நின்ற பெண் கேட்டாள்: "எல்லாக் கையும் இறுக்கிப் புடிச்சிக்கிச்சின்னா அப்புறம் எப்டிங்க நகரும்?"

ஜலதோஷம் முதல்முறையாக நிமிர்ந்து பெண்ணைப் பார்த்தார். அதுவரை அவரிடம் யாரும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டதில்லை. நாங்களெல்லாம் கம்பளியைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தோம். திரும்பும் பஸ்ஸில், "கட்டுனா இந்தப் பொண்ணத்தான்டா" என்றார். பெண்ணின் அப்பாவோ, மாப்பிள்ளையை முதலில் டாக்டரிடம் காட்டும்படி புரோக்கரிடம் தெலுங்கில் சொல்லியனுப்பியிருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தால் அப்பாவின் மனதை மாற்றிவிடலாம் என்று நம்பி, மாதக்கணக்கில் லைப்ரரியே கதியாகக் கிடந்தார். ஒரு நாள் பதிலோடு ஓடி வந்தார். ஃப்ளூ வைரஸுக்குப் பிடிக்கும் கையோடு வெட்டும் கத்தரியும் உண்டாம். பழைய பிடியை வெட்டிவிட்டுத்தான் புதிய இடத்தைப் பிடிக்குமாம். பெண் கல்யாணமாகி மாலூருக்குப் போய்விட்டாள் என்ற சேதி அன்று காலையில்தான் எனக்கு வந்திருந்தது. சொன்னேன்.

சட்டைப்பையிலிருந்த முள்ளுக்காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். பிறகு, "பதில மட்டும் சொல்லிட்டு வந்துரட்டுமாடா?" என்று கேட்டார்.

"இப்பப் போனா அவங்க வீட்ல என்னண்ணே நெனப்பாங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதன்பின் எத்தனையோ ஜாதகம் கொண்டுவந்தோம். ஒன்றையும் தொடவில்லை. நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. வைரஸுக்கே பிடியை விடத் தெரிகிறது. எங்கள் ஜலதோஷத்துக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.