ஆஜர் அண்ணன் போட்ட அரியர் பில்

அன்னூரில் எங்கள் அரசு வாரிய ஆபீசில், 'ஆஜர் அண்ணன்' கூப்பிட்டுப் பதில் சொல்லாமல் யாரும் தப்பியதில்லை. உயிரோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அவர் சம்பள பில் போடும் கிளார்க். கம்ப்யூட்டர் வந்த பிறகும் மாதாமாதம் ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார். "இருக்கேனுங்க" என்று குரல் வந்தால்தான் சம்பளம் ஏறும். எப்போதோ, செத்து மூன்று நாளான ஒருவருக்கு, விஷயம் தெரியாமல் பில் போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து இந்தப் பழக்கம். நானே ஒருமுறை கக்கூஸிலிருந்து கத்தி ஆஜர் கொடுத்திருக்கிறேன்.

கொரோனா சமயத்தில் சிக்கனம் என்று சொல்லி எங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை வெட்டினார்கள். வெட்டியதை அரியராகத் திருப்பித் தர ஆர்டர் வருவதற்குள் டிரைவர் மாரப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆர்டர் வந்த சேதி கேட்டு அவர் மனைவி சரசக்கா ஓடி வந்தார். மகளுக்குப் பீளமேட்டில் காலேஜ் ஃபீஸ் கட்ட அந்த வாரம்தான் கடைசி.

மேனேஜர் கையை விரித்தார். "எறந்தவங்க பேரை அடிச்சுப்போட்டுத் தனியா அனுப்போணுங்க. ஆறு மாசம் ஆவும், வருசமும் ஆவும்."

"கூப்புட்டுப் பாக்காம அடிக்க மாட்டேனுங்க சார்" என்றார் ஆஜர் அண்ணன்.

பட்டப்பகல் பதினோரு மணி. வரிசையாகக் கூப்பிட்டார், நாங்களும் சொன்னோம். கடைசியாக, "டிரைவர் மாரப்பன்!"

பூட்டிக் கிடந்த ரெக்கார்டு ரூமுக்குள்ளிருந்து, அதே கரகரத்த குரலில் பதில் வந்தது.

"இருக்கேனுங்க."

ஐயோ! மேனேஜர் கடித்த போண்டா மடியில் விழுந்தது. சரசக்கா அந்தக் கதவைப் பார்த்து, "ஏனுங்க... ஏனுங்க..." என்று கதறிவிட்டார்.

ஆஜர் அண்ணன் அசரவில்லை. "குரல் வந்துருச்சுங்க சார். இனி எப்படிங்க அடிக்கறது?"

சரசக்காவை வாரிசாகப் போட்டு அதே பில்லில் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை பணம் ஏறியது, ஃபீசும் கட்டியாகிவிட்டது.

டீக்கடையில் மெல்லக் கேட்டேன். "அண்ணா, குரலை எப்படிங்க மாத்துனீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நானா? நீதான் பேசுனீன்னு நெனச்சுப்போட்டேனே கண்ணு!"

இருவரும் போய் ரெக்கார்டு ரூமைத் திறந்தோம். ஃபைலும் தூசியும்தான். ஆஜர் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"பணம் ஊடு சேந்துருச்சுங்க மாரப்பா. அம்மணி காலேஜுக்குப் போறா. நிம்மதியாப் போயிட்டு வாங்க."

நான் வாசற்படியைத் தாண்டவில்லை. ஆனால் ஒன்று, நான் போய்ச் சேர்ந்த பிறகு என் பெயரைக் கூப்பிட அந்த மனுஷன்தான் இருக்க வேண்டும்.